பலகை அவருடையது, தண்ணீர் எல்லோருக்கும்

அன்புள்ள மேரன்,

நானும் அப்பாவும் சுகம். அலாஸ்கா கடல் குளிரில் நீ கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறாய் என்று எழுதினால் என் சுகம் முழுமையாகும். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் படகை விற்கப்போகிறோமா என்று கேட்டிருந்தாய், விற்பதாகத்தான் இருந்தது. ஸ்டாக்டன் என்று ஒருவர் ஏரிக்கரையில் வீடு வாங்கியிருக்கிறார், அவருடைய பலகைப் படகுத்துறையின் அடி நிழலில்தான் மே மாதம் பாஸ் மீன் ஒதுங்கும். அப்பா அங்கே தூண்டில் வீசினால் அந்த மனிதர் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார், கல்லெறிவார், "என் வாசல்ல உனக்கென்னய்யா வேலை?" என்று கத்துவார். ஒருநாள் நனைந்து வந்த அப்பா, "போதும் ஆர்லீன், வித்துடலாம்" என்றார். ஆலை வேலை முடிந்தால் அவருக்கு இருக்கும் ஒரே நிம்மதி அந்தப் படகுதான். அடுத்த முறை யாராவது துப்பாக்கி எடுத்துவிட்டால் என்ற பயத்தில் நான் மாநிலச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். முறைப்படி மீன்பிடிப்பவரை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம் என்று அதில் ஒரே வரி. மூன்று முறை படித்தேன் மேரன், உடம்பு சிலிர்த்தது. சும்மா தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனை நினைத்து யாரோ சட்டசபையில் எழுந்து பேசியிருக்கிறார்கள்!

புகார் கொடுத்தேன். ஒடெட் என்ற மீன்வளக் காவலர் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். "சார், பலகை உங்களோடது, தண்ணி எல்லாருக்கும். இன்னொரு கல்லு விழுந்தா கோர்ட்டுல பார்ப்போம்" என்றாள் ஸ்டாக்டனிடம். அப்பாவிடம், "நீங்களும் பலகைல கை வைக்கக் கூடாது" என்றாள்.

சனிக்கிழமை நானும் படகில் போனேன். ஸ்டாக்டன் கைகட்டி நின்றிருந்தார். பதற்றத்தில் அப்பா வீசிய முதல் வீச்சே துறைக் கயிற்றில் மாட்டிக்கொண்டது! எட்டி எடுத்தால் பலகையைத் தொட வேண்டும், அறுத்தால் கொக்கி அங்கேயே கிடக்கும். அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா சார்?" என்றார். அந்த மனிதர் முனகிக்கொண்டே ஈரப் பலகையில் மண்டியிட்டுக் கொக்கியைக் கழற்றினார். "போன வருஷம் எவனோ அறுத்துட்டுப் போன கொக்கி என் பேத்தி குதிகால்ல ஏறிடுச்சு. ஒருத்தனும் இப்படிக் கேட்டதில்ல" என்றார். கொக்கியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "அந்தப் பக்கம் வீசுய்யா, பெருசு அங்கதான் கிடக்கு" என்றார். கல்லெறியாதே என்று சட்டம் சொல்லும், மண்டியிடு என்று எந்தச் சட்டம் சொன்னது? இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

தூண்டில் கடையில் ஒட்டியிருந்த படகு விற்பனைத் தாளை நானே கிழித்துவிட்டேன். கடவுள் உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏறாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஆர்லீன்