மாமாங்கக் குளமும் நகர்கிறது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி?

விடுதியில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. நீங்கள் யோசிக்க வேண்டாம். பூமி சூரியனைச் சுற்ற, சூரியன் பால்வீதிக்குள் ஓடுவதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கிக்கொண்டிருந்தேன். என் கெட்டித்தனத்தைக் காட்ட, "போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்தில நாம முழுகின இடம் இப்ப கோடிக்கணக்கான கிலோமீற்றர் பின்னால கிடக்கு. இனி ஒருத்தராலயும் அங்க போக ஏலா" என்றேன்.

ஆறாம் வகுப்பு மேனுகா சாப்பிடுவதை நிறுத்தினாள். இறந்துபோன தன் அப்பாவுக்காக ஆண்டுதோறும் அந்தக் குளத்தில்தான் அவள் தீர்த்தமாடுவாள்.

"அப்ப, அக்கா, அப்பாக்கு இனி எங்க போய் முழுகிற?"

"குளமும் நம்மளோடதான் வருது, புள்ள."

"அப்பாவும் வாறாரா?"

அவளை நினைக்காமல் பேசிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

அவளுடைய அம்மா இப்போது குவைத்தில் வேலை செய்கிறார். இந்த ஆடி அமாவாசைக்கு நீங்கள் வாகரையிலிருந்து வந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போக வேண்டும். துவாய் ஒன்று கூடுதலாகக் கொண்டுவாருங்கள். கூட்டத்தில் என் கையைப் பிடிக்க வேண்டாம் அப்பா, அவள் கையைப் பிடியுங்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவேன்.

படிப்பு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
கேதுஷா