குளிசையை விட்ட மச்சாளுக்கு

இன்று குழம்பில் உப்புக் கரித்துவிட்டது, மச்சாள். துறைமுக வாசலில் என்னிடம் சோற்றுப் பார்சல் வாங்கிய கிரேன்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, விரித்த தாளோடு தெருவைக் கடந்து திரும்பி வந்தார். "அக்கா, இதுக்குத் தேங்காய்ப்பால் விட்டனீங்களோ, கடல்தண்ணி விட்டனீங்களோ?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. பழைய பூட்டுத் திறப்பு ஒன்றை வாய்க்குள் வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

மிச்சப் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கிரேன்காரர் கொட்டிவிட்டுப் போன சோற்றைத் தெருவில் மாடுகளைப்போலத் திரிகிற மான்களில் ஒன்று மணந்து பார்த்துவிட்டு அப்பால் போயிற்று. கடதாசி தின்கிற மான் அது. அதற்கும் என் சமையல் பிடிக்கவில்லை.

குசினிக்குள் வந்து உப்புப் போத்தலைக் கண்டதும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். உங்கள் மேல்தான். இந்தக் குசினியில் அரிசியும் மீனும் என் பொறுப்பு, உப்பும் புளியும் உங்கள் பொறுப்பு. அப்படித்தானே இத்தனை வருடமும் துறைமுகத்துக்குச் சோறு போட்டோம்? நோன்பு நாட்களில் நீங்கள் நாக்கில் ஒரு சொட்டும் வைக்க மாட்டீர்கள். சட்டிக்கு மேலே குனிந்து, கொதிக்கிற மணத்தை இழுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும் மச்சாள்" என்பீர்கள். ஒருநாளும் உங்கள் கணக்குப் பிழைத்ததில்லை. இப்போது என் நாக்கும் இல்லை, உங்கள் மூக்கும் இல்லை.

நானும் குளிசைக்காரி ஆகிவிட்டேன். நீங்கள் போன பிறகு ஒருநாள் மீன் சந்தையில் நெஞ்சு படபடத்து, கை விறைத்து, இனி மூச்சு வராது என்று நினைத்து, பாரைக் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருதயம் சுகமாக இருக்கிறது என்றார்கள். சுகமான இருதயம் திரும்பத் திரும்ப அதையே செய்தது. கடைசியில் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கிற டொக்டர் இளம் பெண். சிங்களப் பிள்ளை, தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிக் கதைப்பார். "அம்மா, இந்தக் குளிசை முதல்ல கரைச்சல் தரும். பயம் குறையிறது பிறகுதான். கரைச்சல் எண்டு நீங்களா நிப்பாட்ட வேணாம். என்னட்ட வாங்க" என்று சொல்லித்தான் தந்தார்.

கரைச்சல் என்றால் சும்மா கரைச்சல் இல்லை. வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. மீன் வெட்டினால் குமட்டுகிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நான், சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு சீலா வெட்டுகிறேன், பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். கை மெல்ல நடுங்குகிறது. தேங்காய் திருவும்போது விரலையும் சேர்த்துத் திருவினேன். வயிறு ஒத்துக்கொள்வது தம்பலகாமத்துத் தயிரையும் சோற்றையும் மட்டும்தான். எல்லாவற்றையும்விட மானத்தை வாங்குவது கொட்டாவி. நித்திரை இல்லை, கொட்டாவி மட்டும் வருகிறது. போன ஞாயிறு பூசையில் நான் விட்ட கொட்டாவியைக் கண்டு சுவாமியார் பிரசங்கத்தில் ஒரு வசனத்தை விழுங்கிவிட்டார். பின் வாங்கில் இருந்த தையல்கார றோசலின், "வேலை கூடவோ அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். குளிசை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க எனக்கு அதே ஆத்திரம்.

நீங்களும் இப்படியான எதையாவது தாண்டித்தானே வந்திருப்பீர்கள்? ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தை சொன்னீர்களா? உங்களுக்கு அந்தப் பயம் ஏன் வந்தது என்று நான் கேட்டதில்லை. இந்த ஊரில் எங்கள் வயதுக்காரரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை, அவரவருக்கு ஒன்று இருக்கும். உங்களுடையது வேறு இனக் குளிசை, வருடக்கணக்காக எடுத்தது. இராச்சாப்பாடு முடிந்து அதை வாயில் போடும்போது, "இதுதான் மச்சாள் என்ர சொகுசு" என்பீர்கள். சொகுசாம்! நெஞ்சுக்குள் மேளம் அடிக்காமல் ஒரு மனுசி படுத்து எழும்புவது சொகுசா? அன்றைக்கே அந்தச் சொல்லுக்காக உங்களோடு சண்டை பிடித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது பகிடியாகத்தான் கேட்டது.

போன வருடம் விபூதிப் புதன் உங்களுக்கு நினைவிருக்கும். பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு, கோயில் வேம்படியில் மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடி நின்றோம். தவக்காலத்துக்கு யார் எதை விடப்போகிறோம் என்ற வழக்கமான கதை. ஒருத்தி இறைச்சியை விட்டாள். ஒருத்தி பால்தேத்தண்ணியை விட்டாள். றோசலின் எப்போதும்போல நாடகம் பார்ப்பதை விட்டாள். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் விட்ட நாடகத்தையெல்லாம் போனில் தேடிப் பார்த்து முடித்துவிடுவாள், அது வேறு கதை. உங்கள் முறை வந்தது. நீங்கள் என்னத்தை விடுவது? இறைச்சி தொடுவதில்லை. தேத்தண்ணி குடிப்பதில்லை. உங்கள் அவர் செத்த அன்றே பூவையும் நல்ல சேலையையும் ஊரார் உங்களிடமிருந்து விடுவித்துவிட்டார்கள்.

"உங்களிட்ட விடுறதுக்கு ஒண்டுமே இல்லையே அக்கா. நீங்கள் நேர மோட்சம்தான்" என்று றோசலின் பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

"ஒண்டு இருக்கு" என்றீர்கள்.

"என்ன அது?"

"சொல்லிக்கொண்டு செய்தால் அது ஒறுத்தல் இல்லை." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தீர்கள். எவ்வளவு பெருமை அந்த நடையில்!

குளிசையை விட்டீர்கள், மச்சாள். மற்றவர்கள் ஆட்டிறைச்சியை விட்டதுபோல நீங்கள் குளிசையை விட்டீர்கள். கிளினிக்கில் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை, சுவாமியாரிடமும் சொல்லவில்லை. நோய் வந்த வருத்தக்காரருக்கு நோன்பு இல்லை என்று வருடா வருடம் பீடத்தில் நின்று சொல்கிற மனுசன் அவர். சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிசையை விழுங்க வைத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லையா?

கொஞ்ச நாளில் உங்கள் கண் குழி விழுந்தது. கதவு அடித்தால் துள்ளினீர்கள். புளி கரைக்கிற கை கிண்ணத்துக்குள் ஆடியது. "என்ன செய்யுது?" என்று கேட்டேன். "நோன்பு மச்சாள். உடம்பு அப்பிடித்தான் இருக்கும்" என்றீர்கள். ஊர் மெச்சியது. "அக்கா இந்த முறை உருகிறா, என்ன பக்தி பாருங்கோ" என்று வேம்படியில் கதைத்தார்கள். நித்திரை இல்லாமல் வெந்துபோன முகத்தைப் பார்த்துத்தான் அந்தக் கதை. பிறகு ஒரு காலை, கிணற்றடியில் உடுப்பு அலம்பும்போது வலிப்பு வந்து, கிணற்றுச் சுவரில் தலை அடிபட விழுந்தீர்கள். நானும் என் மனுசனான உங்கள் தம்பியும் உங்களை ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஏதும் குளிசை எடுக்கிறவவோ? திடீரெண்டு நிப்பாட்டினவவோ?" என்று வார்ட்டில் கேட்டார்கள். "எடுக்கிறவ, நிப்பாட்டேல்லை" என்று உங்கள் தம்பி அடித்துச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கண் திறக்கவே இல்லை.

செத்த வீட்டுக்கு உங்கள் அறையை ஒதுக்கும்போது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த தவக்கால உண்டியலைத் தூக்கினேன். கோயிலில் வீட்டுக்கு ஒன்றாகத் தருகிற மட்டைப்பெட்டி. நாங்கள் எதை விடுகிறோமோ அதற்கான காசை அதில் போட்டுச் சேர்த்து, ஏழைகளுக்கென்று பெரிய வெள்ளிக்குக் கொடுப்போம். பெட்டி கிலுகிலுத்தது. சில்லறை என்றுதான் நினைத்தேன். கவிழ்த்தபோது கட்டிலில் விழுந்தவை உங்கள் குளிசைகள்.

மற்றவர்கள் இறைச்சிக் காசைப் போட்டார்கள், நீங்கள் உயிரைப் போட்டீர்கள். அதை யார் கேட்டது? ஆண்டவர் கேட்டாரா? எந்த ஏழைக்கு உங்கள் குளிசை வேண்டியிருந்தது? அந்தக் கட்டில் விளிம்பில் இருந்து உங்களை வாயில் வந்தபடி ஏசினேன். நடுவீட்டில் நீங்கள் சவப்பெட்டிக்குள் கிடந்தீர்கள், சுற்றிவரப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தவக்காலத்தில சாகக் குடுத்து வைக்கவேணும்" என்று யாரோ சொல்வது அறைக்குள் கேட்டது. வெளியே போய் அந்த வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. உங்கள் தம்பி வந்து கட்டிலைப் பார்த்தார். குளிசைகளைக் கூட்டி அள்ளி, மட்டைப்பெட்டியோடு அடுப்பில் போட்டார். "பிரஷர்ல விழுந்தவ எண்டு சொல்லுவம். இல்லாட்டி அக்காவைப் பைத்தியம் எண்டுவினம்" என்றார். அப்படியே ஊர் முழுக்கச் சொல்லி முடித்தோம்.

இன்று மறுபடி விபூதிப் புதன். உப்புக் கரித்த கதை உங்கள் தம்பியின் காதுக்கு எனக்கு முன்னமே வந்துவிட்டது. மத்தியானம் நான் தயிரும் சோறும் தின்றுவிட்டுக் குளிசையைக் கையில் எடுக்க, அவர் கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"இஞ்சேரும், அதை விட்டிடும். அதுதானே அக்காவைச் சாகடிச்சது."

"குளிசை கொல்லேல்லை. விட்டதுதான் கொண்டது."

"எடுக்காமல் இருந்திருந்தால் விடவேண்டியும் வந்திராதே."

"பயத்துக்குக் குளிசை வேண்டியது எனக்கில்லை, உங்களுக்கு" என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உண்மையிலேயே பயந்துபோய்த்தான் இருக்கிறார் அந்த மனுசன். அவருடைய அக்கா அல்லவா நீங்கள்? ஆனால் அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அவர் சொன்னது எனக்கு இனித்தது. விட்டால் நாக்குத் திரும்பி வரும், கொட்டாவி நிற்கும், துறைமுக வாசலில் யாரும் சிரிக்க மாட்டார்கள். தவக்காலமும் பிறந்துவிட்டது, நல்ல சாட்டு. குளிசையை வாயில் போடாமல் லேஞ்சித் துணியில் முடிந்து இடுப்பில் செருகினேன்.

பின்னேரப் பூசைக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அதே வேம்பு, அதே பெண்கள். இறைச்சி, பால்தேத்தண்ணி, நாடகம். என் முறை வந்தது. றோசலின் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நீங்கள் உங்கட மச்சாளைப்போலச் சொல்லாமல்தான் செய்வீங்கள்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவள், "அவ புனிதமான மனுசி" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பியது.

"மச்சாள் என்னத்தை விட்டவ எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "குளிசையை விட்டவ. பயத்துக்கு எடுத்த குளிசை. அதாலதான் வலிப்பு வந்து செத்தவ. பிரஷர் எண்டது நாங்கள் சொன்ன பொய். நீங்கள் பக்தி எண்டு மெச்சினது பக்தி இல்லை, வருத்தம். நானும் இப்ப மனநலக் கிளினிக்கில குளிசை எடுக்கிறன். கொட்டாவி அதாலதான் வருது. உப்பு நாக்குக்கு ஏறாததும் அதாலதான். நான் ஒண்டையும் விடமாட்டன்."

உங்கள் தம்பி என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர், கேற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் லேஞ்சியை அவிழ்த்துக் குளிசையை வாயில் போட்டேன். காய்ந்த வாயில் அது நாக்கோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. றோசலினின் பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்குக் கையை நீட்டினேன்.

"இண்டைக்கு நோன்பல்லோ?" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

"வருத்தக்காரருக்கு இல்லை." சொன்னது நான் இல்லை, உங்கள் தம்பி. றோசலின் போத்தலைத் திறந்து தந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கிணற்றடியில் போய் இருந்து, உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். செத்த வீட்டில் அழாத மனுசன். நான் பக்கத்தில் போகவில்லை, அழட்டும் என்று விட்டேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, பயம் எப்படி என்று கேட்பார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பேன், அது உண்மை. இந்த வாரம் மீன் சந்தைக்குத் தனியாகப் போய் வந்தேன். நாக்கு மரத்ததையும் சொல்வேன், மருந்தை மாற்றுவதா அளவைக் குறைப்பதா என்று அவர் பார்க்கட்டும். உங்கள் மேல் இருக்கிற கோபத்தை மட்டும் அவரிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு குளிசை எழுதிவிடுவார். உங்களை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தி, "ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்பதற்கு எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். இதை நான் எந்தத் தவக்காலத்துக்கும் விடமாட்டேன்.