எலுமிச்சைக்குப் போட்ட பாலம்

மார்ச் 3

பயிற்சி வகுப்பு ஒருவழியாக முடிந்து வீடு வந்து சேர்ந்தேன். பின்வாசல் எலுமிச்சை மரம் இடுப்புவரை வெள்ளை வெளேரென்று நிற்கிறது. மாமாவின் கைவேலை.

என் கணவரின் அப்பா. முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் பெயின்டர் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து நாற்காலியும் ஜன்னலும்தான். இன்று நான் செருப்பைக் கழற்றுமுன்பே பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, உன் மரத்துக்குச் சட்டை போட்டு விட்டிருக்கேன், வந்து பாரு."

நன்றாக இருக்கிறது மாமா என்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவர் முகமும்.

மார்ச் 5

காயப்போட வாளியிலிருந்து துணி எடுக்கக் குனிந்தபோது மரத்தில் கை ஊன்றினேன். கை ஒரு பள்ளத்தில் இறங்கியது. முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, மரத்தைச் சுற்றி முழு வட்டமாகப் பட்டையே இல்லை. வெள்ளைக்கு அடியில் வெறும் கட்டை.

சாதாரணமாகக் கேட்பதுபோல் மாமாவிடம் கேட்டேன்.

"அங்க பாசி புடிச்சு, பொருக்குப் பொருக்கா உரிஞ்சு கெடந்துச்சும்மா. உரியறது மேல அடிச்சா பெயின்ட் நிக்குமா? நல்லாச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு மழமழன்னு ஆக்கிட்டுத்தான் அடிச்சேன்."

சுவருக்கு அது சரி. வாழ்நாள் முழுக்க அவருக்குச் சரியாக இருந்த விஷயம். அவரிடம் போய் என்னவென்று சொல்வேன்?

மார்ச் 6

ஆறாம் வகுப்பில் தாவரத்தின் பாகங்கள். வேர் உறிஞ்சும், தண்டு கடத்தும், இலை சமைக்கும். "எதை மிஸ் கடத்தும், தங்கத்தையா?" என்று கடைசி பெஞ்சு கேட்டது. வருடா வருடம் யாராவது கேட்பார்கள். வழக்கமாகச் சிரிப்பேன்.

தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. இலை சமைத்தது பட்டையின் உட்பக்கமாகக் கீழே இறங்குகிறது. மாமா சுரண்டியது அந்த இறங்கும் வழியை. இலைக்கு இன்னும் தண்ணீர் வருகிறது, அதனால் மரம் பச்சையாக, ஜம்மென்று நிற்கும். வேருக்குத்தான் சோறு இல்லை. சேர்த்து வைத்திருப்பதைத் தின்று தீர்க்கும்வரை அதுவும் தாக்குப்பிடிக்கும். அப்புறம்?

மார்ச் 29

மரம் முழுக்கப் பூ. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாலு வருஷமா நீயும் தண்ணி ஊத்துன. ரெண்டு பூவைப் பாத்திருப்பியா? நான் ஒரே ஒரு கோட்டுதான் அடிச்சேன்!"

இறங்க வழியில்லாத சத்து மேலேயே தேங்கிப் பூவாகிறது. இது எனக்கு மட்டும் தெரிகிறது என்பதுதான் கொடுமை. என் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மரம் போனா வேற மரம் வெச்சுக்கலாம். அப்பா இப்பத்தான் சிரிக்கிறாரு. விடேன்."

விட்டுவிடலாமா? எனக்கும் அந்தச் சிரிப்பு வேண்டும்தான்.

ஏப்ரல் 1

சொல்லவில்லை.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு டைலர் பூவைப் பார்த்துவிட்டுத் தன் மரத்துக்கும் அடிக்கச் சொல்லியிருக்கிறார். மாமா சுரண்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "அந்த மரத்தையும் கொன்னுடாதீங்க மாமா" என்று வாயில் வந்துவிட்டது. ஏன்டி, வேற வார்த்தையே கெடைக்கலையா உனக்கு?

எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

"அப்போ இது சாகப் போகுது."

"இன்னும் சாகல மாமா."

"போகுதுல்ல?"

சுரண்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு பெரிய மகனுக்கு போன் போட்டார். "வந்து கூட்டிட்டுப் போடா. எனக்கு இங்க தோதுப்படல." பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் காரோடு வருகிறாராம்.

அழுகையாக வருகிறது. மரத்துக்காக இல்லை.

ஏப்ரல் 4

கல்லூரிப் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வழி இருக்கிறது. அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, இரண்டு முனையையும் சீவி, காயத்துக்கு மேலே உள்ள பட்டைக்குள் ஒரு முனை, கீழே உள்ள பட்டைக்குள் ஒரு முனை செருக வேண்டும். ஒட்டிக்கொண்டால் சத்து அந்தப் பாலம் வழியே வேருக்கு இறங்கும். படிக்க எவ்வளவு சுலபம்! சாக்பீஸ் பிடித்த கை. முதல் குச்சி உடைந்தது, இரண்டாவதுக்குப் பட்டையே கிழிந்தது. கத்தியை வீசிவிடலாம்போல் இருந்தது.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். மணையைப் போட்டு உட்கார்ந்தார். கத்தியை வாங்கிக்கொண்டார்.

"அழுத்தாதம்மா. தோலுக்கு அடியில விட்டு மெதுவா நெம்பணும்."

பட்டை கிழியாமல் எழும்பி வந்தது. குச்சியில் எது மேல்பக்கம் என்று கேட்டார். நுனிப்பக்கம்தான் மேலே இருக்க வேண்டும், தலைகீழாக வைத்தால் வேலை செய்யாது என்றேன். ஒவ்வொரு நுனியிலும் ஒரு பொட்டு வெள்ளை பெயின்ட் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். சுற்றிலும் ஆறு குச்சி. சணலால் கட்டி, மெழுகு உருக்கிப் பூசினோம். மரம் மேலும் களைக்கக் கூடாது என்று கைக்கு எட்டிய பூவையெல்லாம் அவரே கிள்ளிப் போட்டார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது சொன்னார்: "எப்படியும் நான் கிளம்பறேன்."

ஏப்ரல் 19

ஒரு குச்சி கருகிவிட்டது.

ஏப்ரல் 24

இன்னொன்றும் போச்சு. கீழ்க்கிளையில் இலை மஞ்சளிக்கிறது. மாமா பேசுவதே இல்லை. ஆனால் மெழுகு விரிசல் விட்ட இடமெல்லாம் புதிதாகப் பூசியிருக்கிறது. நான் பூசவில்லை. இவருக்கு மெழுகு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

மே 8

கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் பீரியட். வகுப்பு வாசலில் மாமா! அந்த முட்டியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடந்தே வந்திருக்கிறார். யாருக்கு என்னவோ என்று வாசலுக்கு ஓடினேன்.

"டீச்சரம்மா, சுவரோரக் குச்சி துளிர் விட்டிருக்கு. அரிசி அளவுக்கு. உங்கிட்டச் சொல்லணும்னு…"

அறுபது கண்கள் எங்களைப் பார்க்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தோம். பாலம் போட்ட குச்சியில் துளிரை வளர விடக்கூடாது, கிள்ளிவிட வேண்டும் என்றேன். முறைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டுமே!"

மே 15

நான்கும் பிடித்துவிட்டன. மேலே புது இலைகள். நாளை மறுநாள் இவருடைய அண்ணன் வருகிறார். மாமா துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். இருங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று சொன்ன வார்த்தை நடுவில் நின்றது.

மே 17

காலையிலேயே கார் வந்துவிட்டது. அண்ணனும் தம்பியுமாகப் பெட்டியை டிக்கியில் ஏற்றினார்கள். மாமாவைக் காணோம். பின்வாசலில் மணைமேல் உட்கார்ந்து சணலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வெயில் ஏறிடும். கிளம்பலாமா?"

"குச்சி தடிக்குதுடா. கட்டு இறுகுது பாரு. அப்பப்போ தளர்த்திக் கட்டலேன்னா அதுவே கழுத்தை நெரிச்சுரும்."

"அதைத் தம்பி பாத்துக்குவான்பா."

"அவனா? அவன் ஷூ லேசையே ஒழுங்காக் கட்ட மாட்டான்."

"அப்போ தம்பி பொண்டாட்டி?"

"டீச்சரம்மா நல்லாப் பாடம் எடுப்பா. கத்தியை மட்டும் அவ கையில குடுத்துராதே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"சரிப்பா, இந்த வேலை எப்போ முடியும்? அதுக்கேத்த மாதிரி வர்றேன்."

"மரத்தைக் கேட்டுத்தான் சொல்லணும்."

இவருடைய அண்ணன் என்னைப் பார்த்தார். "மாமா இங்கேயே இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேன்.

அண்ணன் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். போகுமுன் டிக்கியிலிருந்த பெட்டியைத் தானே இறக்கிக் கொண்டுவந்து மாமாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மாமா எழுந்து வரவில்லை. பின்வாசலிலிருந்தே, "பாத்துப் போடா" என்று சத்தம் கொடுத்தார். அவர் கையில் கடைசிக் குச்சியின் முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது.