லூசிமாரின் இடது கை

ரெயாலெங்கோ
ஜூன் 9, 1997

அன்பு மகன் அதெமீருக்கு அம்மா எழுதுவது.

நானும் உன் தங்கை லூசிமாரும் உயிரோடு இருக்கிறோம், இந்தத் தடவை நலம் என்று எழுதினால் அதற்கு அவ்வளவுதான் பொருள். நீ அங்கே லிஸ்பனில் சளி இருமல் இல்லாமல், தரை ஓடு பதிக்கிற வேலையில் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் நீ என் சிநேகிதி சுலெய்தி வீட்டுத் தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், இல்லை என்று அவளைச் சொல்லச் சொன்னேன். போனில் பேசினால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும். சுலெய்தியின் அண்ணன் மகள் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், இதை அவள் உன் கையிலேயே கொடுப்பாள். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

கார்னிவல் முடிந்ததும் நேலியோவின் சம்பா குழுவில் இரண்டாவது கிட்டார்க்காரர் ஊர் மாறிப் போய்விட்டார். லூசிமார் அங்கே நாலு வருஷமாக வாசிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நேலியோ என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்தது கோயிலில் வாசிக்கும் ஏழெட்டுக் கார்ட்கள், கிட்டாரின் தலைப்பக்கம் முதல் மூன்று கட்டங்களுக்குள் மூன்று விரலால் சுரங்களைச் சேர்த்துப் பிடித்து முடித்துவிடுகிற வகை. இரண்டு ஞாயிறு வாசித்தேன். மூன்றாம் ஞாயிறு நேலியோ தன் நாலு கம்பிக் குட்டிக் கிட்டார் கவாக்கினோவை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, நீங்க வாசிக்கிறது தப்பு இல்ல. பீன்ஸ் நல்லாத்தான் வெந்திருக்கு, உப்புதான் போடல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து ரோஷமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. செவ்வாயும் வியாழனும் மத்தியானம், லூசிமாரின் புருஷன் வால்தெசி எரிவாயு உருளை லாரியில் சுற்றப் போயிருக்கும் நேரத்தில், அவள் வீட்டுக்குப் போய் அவளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் பார் கார்ட். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும், எனக்கு மூன்று வாரம் சத்தமே வரவில்லை, தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அது வந்துவிட்டால் ஒரே பிடியைக் கழுத்து நெடுக ஏற்றி இறக்கி எந்தச் சுருதிக்கும் போகலாம் என்றாள். பிறகு ஏழாம் சுரம் சேர்ந்த கார்ட்கள். அதைக் கேட்டவன் அடுத்த கார்ட் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பான், அந்த ஏழாம் சுரத்தையே அரைச் சுரம் ஏற்றினால் அவசரம் போய் இதமாகிவிடும். ஒரு விரல் ஒரு கட்டம் நகர்வதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியாது. ஆறாம் சுரம் சேர்த்த மைனர், ஒன்பதாம் சுரம் சேர்த்தது, எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மார்ச் மாத வெயிலில் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு காட்டினாள் அதெமீர். பார் கார்ட் காட்டும்போது சட்டைக் கை மேலேறி மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் தடம் நீலமாகத் தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும். குழாய் திருகும்போது இடித்துக்கொண்டேன் என்றாள். நான் அந்த விரலை எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். இன்னொரு நாள் உதடு வீங்கியிருந்தது, அன்றும் கார்டைப் பற்றித்தான் பேசினோம். உன் மேல் சொல்ல வருவதற்கு முன்னால் என் மேல் உள்ள குற்றத்தை எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 24, வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அவள் எனக்கு டிமினிஷ்ட் கார்ட் காட்டிக்கொண்டிருந்தாள், ஒரே பிடியை மூன்று கட்டம் மேலே தள்ளினால் அதே நாலு சுரங்கள் இடம் மாறி வரும். வால்தெசி நேரத்துக்கு முன்னால் வந்தான். குடிக்கவில்லை, அதை நன்றாக நினைவில் வை, ஏனென்றால் தான் குடித்திருந்ததாக உன்னிடம் சொல்லியிருக்கிறான். அடுப்பில் பீன்ஸ் கொதித்தது, அதை அவனே அணைத்தான். போன ஞாயிறு எவனோ ஒருத்தன் லூசிமாரிடம் இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கை தட்டினானாம், அவன் யார் என்று கேட்டான். அவள் தெரியாது என்றாள். "அத்தை, கொஞ்சம் எந்திரிங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான், நான் எழுந்து வழி விட்டேன். அவள் மடியிலிருந்த கிட்டாரை எடுத்துச் சுவரில் சாய்த்தான். அவள் இடது கையைப் பிடித்து இழுத்துப் பின்வாசல் இரும்புக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தான். தோளால் கதவைத் தள்ளினான். திறந்தான். மறுபடியும் தள்ளினான். வலது கை இல்லை, இடது கை, கார்ட் பிடிக்கிற கை. அவன் பார்த்துத்தான் எடுத்தான்.

பச்சைக் குச்சியை முறிக்கிற சத்தம். நான் கிட்டாரைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி அதன் விளிம்பால் அவன் காதில் அடித்தேன். கிட்டார் இரண்டாகப் போய்விட்டது. அவன் திரும்பி என் வாயில் குத்தினான், இரண்டு பல் அங்கேயே விழுந்தது, கீழே விழுந்தபின் விலாவில் உதைத்தான். சமையல் மேடையைப் பிடித்து எழுந்தபோது பூண்டு இடிக்கிற மரக் குழவி கைக்கு வந்தது. முதல் அடி முழங்காலில். அவன் மண்டியிட்டான். இரண்டாவது தலையில், அதிலேயே விழுந்துவிட்டான். மூன்றாவதும் நாலாவதும் தேவையில்லாத அடிகள், அவன் அசையாமல் கிடந்தபோது அடித்தேன், அதை நான் போலீசிடமும் மறைக்கவில்லை, உன்னிடமும் மறைக்கவில்லை. அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. லூசிமார்தான் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும்மா. செத்துட்டான்னா உன்னைக் கொண்டு போயிருவாங்க" என்றாள்.

அவளுக்கு மூன்று விரல் முறிந்திருந்தது, நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல். அவனுக்குப் பதினோரு தையல், ஒரு காது கேட்பதில்லை. காவல் நிலையத்தில் என்னை ஒன்றரை நாள் உட்காரவைத்தார்கள். எழுத்தர் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே, "புருஷன் சும்மாவா அடிப்பான், இந்தப் பொண்ணு என்ன செஞ்சிச்சு" என்று கேட்டார். கிட்டார் கற்றுக்கொடுத்தாள் என்றேன். அதை அவர் எழுதவில்லை. குடும்பச் சண்டை என்று எழுதி என்னை வெளியே விட்டார்கள், அவன் மேல் வழக்கே இல்லை. வால்தெசி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வாசலுக்கு வந்து கதவை உதைத்தான். அதனால்தான் சுலெய்தியும் அவள் அக்காளும் சேர்ந்து எங்களை ரயிலில் நாலு நிறுத்தம் தள்ளி அந்த அக்காள் வீட்டில் கொண்டுவந்து ஒளித்தார்கள். நான் மட்டும் பகலில் சுலெய்தி வீட்டுக்கு வந்துபோவேன்.

லூசிமார் ஒன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். நேலியோ தன் பழைய கிட்டாரைக் கொடுத்தனுப்பினார். விலாவில் வைத்தால் உயிர் போகிற வலி, இருந்தாலும் எனக்கு அந்த அறையில் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, கடைசியாகக் காட்டித்தந்த கார்டைப் பிடித்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடியே, "நாலாவது கம்பி ஊமையா இருக்கும்மா, சுண்டு விரலைத் தூக்கு" என்றாள். ஒன்பது நாளில் அதுதான் முதல் பேச்சு. அதற்குப் பிறகு தினமும் அவள் சொல்லச் சொல்ல நான் பிடித்தேன். அவள் கனிவாகச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு கார்டையும் கல் எறிகிற மாதிரி எறிந்தாள், நான் தவறினால் கட்டுப்போட்ட கையால் கட்டில் சட்டத்தை இடித்தாள், வலியில் முகம் வெளுத்துவிடும், மறுபடி இடிப்பாள். என் விரல் நுனியெல்லாம் வெடித்து ரத்தம் வந்து கம்பியில் ஒட்டியது. அவள் கோபத்துக்குப் போக வேறு இடமில்லை என்று நானும் விட்டுக்கொடுத்தேன். மே மாதம் முடிவதற்குள் ஒரு பாட்டை முழுதாக, உப்புப் போட்டு வாசிக்க வந்துவிட்டது.

மே 31 சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். அதுவரைக்கும் உன்னிடம் நான் சொன்னது சண்டை, கை கதவில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வீட்டு மானம் கடல் தாண்ட வேண்டாம் என்று நினைத்தேன். நீ, "அவன் அழுவுறாம்மா, ஒரு காது கேக்கவே இல்லையாம். நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை பேசிருங்க" என்றாய். உன் சிநேகிதன், நீதான் அவனை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிவந்தாய், உனக்கு அவன் மேல் பாசம் இருப்பது எனக்குத் தெரியாதா. பேச்சை மாற்றத்தான் சந்தோஷமான சமாச்சாரம் என்று அதைச் சொன்னேன். நாளைக்கு நேலியோவின் மச்சான் வீட்டு முற்றத்தில், பாலத்துக்குப் பின்னால், நான் வாசிக்கப் போகிறேன், லூசிமாரும் ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெளியே வருகிறாள் என்று. வால்தெசிக்குத் தெரியக் கூடாது என்றுதான் நேலியோ இடத்தையே மாற்றியிருந்தார். குழுவில் இருந்தவர்களைத் தவிர நான் சொன்னது உன் ஒருத்தனிடம்தான்.

ஞாயிறு நாலு மணிக்கு ஆரம்பித்தோம். அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அவள் எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் கார்டின் பெயரைக் காதில் சொன்னாள். மூன்றாவது பாட்டில் வால்தெசி சமையலறை வழியாக வந்தான். கையில் உருளை திருகுகிற இரும்பு ஸ்பானர். எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "உன் அண்ணன்தான் சொன்னான், இங்க வந்தா உன்னப் பாக்கலாம்னு. உங்க வீட்டுல ஒருத்தனுக்காவது அறிவு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளுடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்தான். நேலியோ குறுக்கே வந்தார். ஸ்பானர் அவர் கழுத்தெலும்பில் இறங்கியது, எழுபது வயது மனுஷர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் எழுவதற்குள் நாற்காலியோடு என்னைத் தள்ளிவிட்டான். லூசிமார் கையை உருவிக்கொள்ளப் பார்க்கவில்லை. அவன் இழுத்த பக்கமே போய் அந்த மாவுக்கட்டையே அவன் மூக்கில் இறக்கினாள். கட்டு பிளந்தது. மறுபடியும் அடித்தாள். அவன் மேசை மேல் விழுந்து பாட்டில்களோடு தரைக்கு வந்தான், அதற்கப்புறம் ஏழெட்டு ஆண்கள் அவன் மேல் இருந்தார்கள், ஷூ காலோடு. நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவன் பல் சிமென்டில் உருண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான், வெள்ளைப் பொடியும் ரத்தமுமாக அந்தக் கையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "விடுங்க. அவன் உயிரோட இருந்து கோர்ட்டுல பதில் சொல்லணும்" என்றாள். துணிக்கொடிக் கயிற்றால் கட்டிப்போட்டோம். இந்தத் தடவை உடனே வழக்கு எழுதிச் சிறையில் வைத்துவிட்டார்கள், என் பெண்ணின் மூன்று விரலுக்கு எழுதாதவர்கள் ஒரு ஆண்பிள்ளையின் கழுத்தெலும்புக்கு ஒரு மணி நேரத்தில் எழுதினார்கள்.

விரல்களை மறுபடி உடைத்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மோதிர விரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அதைக் கேட்டுவிட்டு வந்து, அந்த விரல் இல்லாமல் எந்தெந்தக் கார்ட் பிடிக்க வரும் என்று என் கையை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். என் மோதிர விரலை ஒரு துணியால் கட்டிவிடுகிறாள். இதுவரை பதினாலு கண்டுபிடித்திருக்கிறாள்.

நேற்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நான் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "தெரியாம சொல்லிட்டான்னா அண்ணன் எப்பவும் போல என் அண்ணன்தான். வால்தெசி என்னை அடிக்கிறது தெரிஞ்சும் சொல்லியிருந்தான்னா, எனக்கு அண்ணன் இல்ல. சமாதானம் வேணாம். எது நெசமோ அதை எனக்கு எழுதச் சொல்லு."

மகனே, போன வருஷம் நீ வந்திருந்தபோது அவள் வீட்டில் நாலு நாள் தங்கினாய். நீ எதைப் பார்த்தாய், எதைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நானே எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கார்டைப் பற்றிப் பேசியவள், உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது உனக்குத் தெரியும், பெற்றவளுக்கு வேறு என்ன வேண்டியிருக்கும். அதை எழுதாதே. உண்மையை எழுது.

வால்தெசியின் தம்பி உன்னைக் கூப்பிட்டால் பேசாதே. கம்பளிச் சட்டையைத் துவைத்து வை. மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், உன் கை கால் சுகமாக இருக்கட்டும், நீ பதிக்கிற ஓடுகள் பெயராமல் இருக்கட்டும். பதில் எழுதும்போது உறையின் மேல் என் பெயர் வேண்டாம், லூசிமார் என்று எழுது. நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
ஜாந்தீரா