ஆளேற்றிப் பார்க்காத கதவு

என் அருமைத் தம்பி ஏழுமலைக்கு,

அந்த வண்டி மறுபடியும் நம் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து டிங்கரிங் வேலை குறைந்துபோய், நான் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம், கல்யாண ஊர்வலத்துக்கு அதை வாடகைக்கு விடும் பந்தல்காரர் நான்கு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. கதவுகள் நான்கும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

"தை பொறந்தா முகூர்த்தம் வரிசையா இருக்குதுபா. கதவ மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு" என்றார். முடியாது, கொண்டு போங்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஊர் உன்னைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஜம்பமாக ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தான், விழுந்தான், போனான் என்கிறது. இரண்டு வருடமாக டீக்கடையில் இதைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து டீ குடித்துவிட்டு வருகிறேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் காலத்து அந்தக் காரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று பந்தல்காரர் கூரையை அறுத்து எடுத்தார். கூரை போனதும் வண்டிக்கு இடுப்பில் பலம் போய்விட்டது. கதவுகள் மேலே இடித்தன, கீழே இளித்தன. நீ வேறு வேலையில் இருந்தாய், நான்தான் கை வைத்தேன். கீலை வளைத்து, பூட்டு நாக்கை நகர்த்தி, சுண்டுவிரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும்படி கொண்டுவந்தேன். வெறும் வண்டியில்.

நம் ஊர் ஊர்வலக் காரில் மாப்பிள்ளை மட்டுமா போகிறார்? தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏறிக்கொள்வார்கள். யாரையாவது இறக்கிவிட்டால் சம்பந்திச் சண்டையே வரும். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினால் வண்டி நடுவில் தொய்ந்து, பூட்டு நாக்கு கழன்றுகொள்ளும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பந்தல்காரர் வண்டி எடுக்க வந்து நிற்கும்போதுதான் கேட்டாய்.

"ஆளேத்திப் பாத்தியாண்ணா?"

"பாக்காமயா குடுக்கிறேன்? எனக்கே பாடம் சொல்றியா?"

பார்க்கவில்லை, ஏழுமலை. இன்னொருவர் முன்னால் தம்பி கேட்டுவிட்டானே என்று சுருக்கென்றது. அவ்வளவுதான். அந்த அற்பக் கோபத்துக்கு ஒரு பொய். நீ மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஊர்வலத்தில் பின்கதவோரமாக ஃபுட்போர்டில் ஏறி நின்றாய். ராஜ வீதித் திருப்பத்தில் அந்தக் கதவு விட்டுக்கொண்டது. அதோடு சரிந்த ஒரு பெண் குழந்தையை உள்ளே தள்ளிவிட்டு நீ விழுந்தாய். சாக்கடை ஓரத்துக் கல்லில் தலை மோதியது. மூன்றாம் நாள் நீ இல்லை.

என் பேச்சை நம்பித்தான் நீ போய்விட்டாய் என்று இத்தனை நாள் அழுதேன்.

பந்தல்காரரைத் திருப்பி அனுப்பிய மறுநாள் உன் பத்மா பட்டறைக்கு வந்தாள். உன்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, புருஷனின் அண்ணன் என்று என் முன்னால் நின்று பேசியதில்லை அவள். எது வேண்டுமானாலும் உன் அண்ணி மூலமாகத்தான் சொல்லி அனுப்புவாள். அன்று நேராக வந்து நின்றாள்.

"அந்த வண்டிய வேணாம்னு சொல்லாதீங்க மாமா. வேற யார்னா வெறும் வண்டியில கதவ மூடிப் பாத்துட்டுக் குடுத்துடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரும்மா சொன்னது?"

"அவருதான். அன்னிக்கு மத்தியானம் சாப்ட்டுக்கினே சொன்னாரு. அண்ணன் ஆளேத்திப் பாக்கல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னொருவாட்டி கேட்டா கோச்சிக்குவாரு, நானே கதவாண்ட நின்னுக்கினு போயிட்டு வந்துடறேன்னாரு. போவாதன்னேன். கேக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. வந்த வழியே போய்விட்டாள்.

ஆள் அனுப்பி வண்டியைத் திரும்ப வரவழைத்தேன். இந்தத் தடவை முதலில் கீலைத் தொடவில்லை. அடியில் ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்து, பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே தகடு சொருகி, தொய்ந்த இடுப்பை நிமிர்த்தினேன். அதற்குப் பிறகுதான் கதவு. தெருத் தறிக்காரர்கள் பன்னிரண்டு பேரைக் கெஞ்சி ஏற்றிவிட்டு, வேறு ஆட்களை விட்டுப் பள்ளத்திலும் மேட்டிலும் வண்டியைத் தள்ளச் சொல்லிக் கூடவே நடந்தேன். கதவு அசையவில்லை. அதில் எனக்கு என்ன சந்தோஷம், சொல்? மொத்தமே இரண்டு நாள் வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

தெரிந்தேதான் ஏறினாயா? ஏண்டா, இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? கத்தியிருப்பேன். நாலு பேர் முன்னால் உன் மானத்தை வாங்கியிருப்பேன். திட்டு வாங்கிக்கொண்டு நீ உயிரோடு இருந்திருப்பாயே. விழுந்தால் என்ன ஆகும் என்பதைவிட, நான் கோபித்துக்கொள்வேன் என்பதா உனக்குப் பெரிதாய்ப் போயிற்று?

இனி யாராவது உன்னைக் குறை சொன்னால், தப்பு என்னுடையது என்று அங்கேயே எழுந்து நின்று சொல்வேன். நாளைக் காலை டீக்கடையில் தொடங்குகிறேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இரண்டாம் தடவை கேட்க நீ பயந்த
உன் அண்ணன்,
தணிகாசலம்