அறுபத்து மூன்று கட்டைவிரல்

என் அன்பு அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க வழியில்லை. அதனால் உங்கள் போனைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அது நலமாக இருக்கிறது. பீளமேட்டில் என் வீட்டு அலமாரியில், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். நீங்கள் கீழே போட்டு உண்டான கீறல் அப்படியே இருக்கிறது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உங்களை விசாரித்தவர்களைவிட உங்கள் போனை விசாரித்தவர்கள்தான் அதிகம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். "அப்படியெல்லாம் சொல்லப்படாதுங்க அம்மணி, அவங்கல்லாம் நம்ம சனமுங்க" என்பீர்கள். பெற்ற மகளுக்கும் 'ங்க' போட்டுப் பேசிய மனிதர் நீங்கள். நான் உங்கள் மகள்தான், ஆனால் அந்த மரியாதை எனக்கு வரவில்லை. இன்றைக்கு வரப்போவதும் இல்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன். நீங்கள் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, என்னோடு இருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தாராபுரத்து வீட்டுக்கே போய்த் தனியாக இருந்தீர்கள். அங்கே போய்த்தான் இந்த போனை வாங்கினீர்கள். வாங்கிய மாதமே 'நம்ம சொந்தம்' என்று ஒரு வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பித்தீர்கள். என்னையும் சேர்த்து நூற்று எண்பத்தேழு பேர். அட்மின் நீங்கள் ஒருவர் மட்டும்.

அந்த க்ரூப்பின் லட்சணம் எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூவுக்கு நடுவில் பிள்ளையார் வருவார். ஆறு மணிக்கு அதே பிள்ளையார் இன்னொருவர் வழியாகத் திரும்ப வருவார். பிறகு, இஞ்சிச் சாறு குடித்தால் சகல நோயும் ஓடிப்போகும் என்று ஒரு வீடியோ வரும். அனுப்பியவர் வேளைக்கு மூன்று மாத்திரை போடுகிறவர். 'உடனே பத்துப் பேருக்குப் பகிரவும்' என்பதைப் பகிர்வதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் அதில் இருபது பேராவது தேறுவார்கள். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் போட்டீர்கள். பிள்ளையாருக்கு 'நன்றிங்க'. இஞ்சிக்கு 'நல்லதுங்க'. எதற்காக அப்பா? படிக்கக்கூடச் செய்யாதவர்களுக்கு அவ்வளவு பதில் எதற்கு?

பிறகு அந்தக் கிடாய் விருந்துச் சண்டை வந்தது. யாரோ விருந்துக்கான அழைப்பை க்ரூப்பில் மட்டும் போட்டுவிட்டார்கள். வெற்றிலை பாக்கோடு வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடாமல், போனில் போட்டால் அது அழைப்பாகுமா என்று ஒரு மாமா கேட்டார். அவ்வளவுதான். இரண்டு நாள் முழுக்க வாய்ஸ் மெசேஜிலேயே யுத்தம். நேரில் பார்த்தால் 'வாங்க, உக்காருங்க' என்று குழைகிற வாய்களா இவை என்று இருந்தது.

அன்றைக்குத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மணி, இந்தச் சத்தத்தை நிறுத்தறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"க்ரூப் செட்டிங்ஸ் போங்கப்பா. அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்குங்க, போதும்."

"அமுக்கிப்போட்டனுங்க."

"சரிப்பா, அப்புறம் பேசறேன்."

நீங்கள் கேட்டது போன் டிங் டிங் என்று அடிக்கிற சத்தத்தை. நான் சொல்லிக் கொடுத்தது நூற்று எண்பத்தாறு பேரின் வாயை அடைக்கிற வழியை. இரண்டு வாக்கியம் கூடுதலாகக் கேட்டிருந்தால் புரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மகள் இல்லையா, அப்பாவின் சந்தேகத்துக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சந்தோஷமாகச் சொன்னீர்கள். "எல்லாரும் சமாதானமாயிட்டாங்க போல இருக்குதுங்க அம்மணி. ஒருத்தரும் ஒண்ணும் பேசறதில்லைங்க." எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஆனால் அங்கே சனமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வாய்க்குப் பூட்டுப் போட இவர் யார் என்று ஆளுக்காள் தனியாகப் பேசியிருக்கிறார்கள். ஒருவராவது உங்களைக் கூப்பிட்டு, இப்படி ஆகியிருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று சொன்னாரா? ரோஷம் வந்துவிட்டது அவர்களுக்கு. ரோஷம் வந்த விரல்கள் பிள்ளையாரை வேறு க்ரூப்புகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

இரண்டு வாரம் நீங்கள் ஒருவராகவே பேசியிருக்கிறீர்கள். அமராவதியில் தண்ணீர் வந்ததைப் படம் எடுத்துப் போட்டீர்கள். வீட்டுப் பின்னால் முருங்கை பூத்ததைப் போட்டீர்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இதைப் போட்டீர்கள்:

'எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு நாளா நெஞ்சுல பிசையறாப்புல இருக்குதுங்க. ராத்திரி தூக்கம் இல்லீங்க. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு ஒரெட்டு வந்துட்டுப் போங்க.'

ஒரெட்டு வந்துட்டுப் போங்க. நம் பக்கத்தில் இது எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமும் சொல்வோம். அவரும் "வாரனுங்க" என்பார். அவர் வரமாட்டார் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பெயர் மரியாதை. நீங்கள் வாழ்நாள் முழுக்க அப்படி ஆயிரம் பேரை மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பீர்கள். அந்த ஒரு தடவை நிஜமாகக் கூப்பிட்டீர்கள். அதற்கும் உங்களிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை.

பதில் எழுத வழி அடைபட்டிருந்தது. ஆனால் மெசேஜுக்குக் கீழே கட்டைவிரலோ கும்பிடோ போட வழி இருந்தது. போட்டார்கள். எல்லாம் சேர்த்து அறுபத்து மூன்று. கோயில் பிரகாரத்தில் வரிசையாக நிற்கிற அறுபத்து மூவர் மாதிரி நின்றார்கள், ஒருவரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற சித்தப்பா போட்டார். க்ரூப்பில் இருக்கிற ஒரே டாக்டர் கும்பிடு போட்டார். யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு இதயம் போட்டிருந்தார், நெஞ்சு என்று பார்த்ததும் தோன்றியிருக்கும் போல. எல்லாரிடமும் உங்கள் நம்பர் இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் பால் ஊற்றுகிற அம்மாதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

துக்கம் கேட்க வந்தவர்களின் கதையைக் கேளுங்கள். உங்களைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே கண்ணாடிப் பெட்டியோடு உங்கள் முகம் எட்டுப் பேரின் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. சித்தப்பா மகன் செந்தில் ஒரு வீடியோ செய்தான். அதில் உங்கள் படத்தைச் சுற்றி மெழுகுவர்த்தி எரிகிறது, புறா பறக்கிறது, பின்னால் ஒருவர் அழுது பாடுகிறார். இன்னொரு உறவுக்காரர் எனக்கு நீளமாக இரங்கல் அனுப்பினார். 'அன்னை ராமாத்தாள் அவர்களின் மறைவு' என்று ஆரம்பித்தது. பழைய சாவுக்கு எழுதியதைப் பெயர்கூட மாற்றாமல் உங்கள் சாவுக்கும் அனுப்பிவிட்டார். நீங்கள் இருந்தால் அதற்கும் 'நன்றிங்க' போட்டிருப்பீர்கள்.

மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். "அம்மணி, அப்பா போனோட பின் நம்பர் தெரியுமுங்களா? அந்த செட்டிங்கை மட்டும் மாத்திவுட்டாப் போதுமுங்க." செந்திலின் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், க்ரூப்பில் சொல்ல வேண்டுமாம். தெரியாது என்றேன். கிடாய் விருந்துக்கு வெற்றிலை பாக்கு கேட்டாரே அந்த மாமா, அவர் கையில் இருந்த தன் போனைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "கெடைச்சாச் சொல்லுங்க அம்மணி, வாரனுங்க" என்றார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, 'வாரேன்' என்ற வார்த்தை அங்கே வாயில் வரவே கூடாது. சம்பிரதாயத்துக்காக இரண்டு நாள் யுத்தம் நடத்தியவருக்கு இது மறந்துபோனது.

உங்கள் போன் அவர்கள் எல்லார் கண் முன்னாலும் டிவி மேல்தான் கிடந்தது. பின் நம்பரை நீங்கள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, கண்ணாடி மாதிரி இருக்கிற பின்பக்கக் கவருக்குள் வைத்திருந்தீர்கள். அதைக் கையில் எடுத்து ஒருதரம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அத்தனை பேரும் கேட்டார்கள், ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் முதல் நாளே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தெரியாது என்று சொன்னேன். ஆனால் உள்ளே திறந்து பார்க்கப் பதினாறாம் நாள்வரை தைரியம் வரவில்லை. நீங்கள் நெஞ்சுவலி என்று போட்டதாகத் துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்திருந்தது. அன்றைக்கும் நானாகத் திறக்கவில்லை. செந்திலிடம் வாய்விட்டுக் கேட்டேன். "அப்பா நெஞ்சு வலிக்குதுன்னு போட்டிருந்தாரே, ஒருத்தருக்குமா போகத் தோணலை?"

அவன் தயங்கினான். "நீங்கதான அக்கா மொதல்ல தம்ஸ் அப் போட்டிருந்தீங்க. மகளே பாத்துட்டாங்க, இனி அவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சுப்போட்டோமுங்க."

அவன் போன பிறகு திறந்தேன். அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில், எல்லாருக்கும் முன்னால் போட்டவள் இடத்தில் 'அம்மணி' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

ஞாபகம் வந்துவிட்டது அப்பா. ஆபீஸ் லிஃப்ட். மூன்றாம் மாடியில் கதவு திறப்பதற்குள் பத்து மெசேஜ் தள்ளினேன். உங்களுடையதில் கடைசி வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. ஒரெட்டு வந்துட்டுப் போங்க. அப்பா யாரையோ மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று விரலை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். இவ்வளவு நேரம் நான் துப்பிய எச்சில் முதலில் விழ வேண்டிய முகம் என்னுடையது. இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கும்போதே அது எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு நடப்புச் செய்தி. செந்தில் 'நம்ம சொந்தம் 2' என்று புதிதாக ஒரு க்ரூப் தொடங்கிவிட்டான். பிள்ளையாரும் ரோஜாவும் அங்கே குடியேறிவிட்டார்கள். போன மாதம் அதில் பெருந்துறை அத்தை, உங்கள் தங்கை, ஒரு கொய்யா மரத்தின் படத்தைப் போட்டார். 'காய் புடிச்சுக் கெடக்குதுங்க. எல்லாரும் ஒரெட்டு வந்துட்டுப் போங்க.' அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு கட்டைவிரல்.

நான் லீவு சொல்லிவிட்டு ஈரோடு பஸ் ஏறினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அத்தை பதறிவிட்டார்.

"என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம? யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க அத்தை. நீங்கதான வரச் சொல்லிப் போட்டிருந்தீங்க."

"அட, அது சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டதாச்சே! நெசமாவே வந்துட்டயா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மகன் வெளிநாட்டில். மாமா போய் நான்கு வருடம். அந்த வாசலுக்கு ஆள் வந்து எத்தனை மாதம் ஆயிற்றோ, நான் கேட்கவில்லை. சோறாக்கிப் போட்டார். பை நிறையக் கொய்யா பறித்துக் கொடுத்தார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் அன்னிக்குப் போட்டதுக்கு நானும் கும்புடு போட்டேன் கண்ணு. பேச்சுக்குத்தான் கூப்புடறாருன்னு நெனச்சுப்போட்டேன்."

நானும்தான் அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல?

இன்னமும் வாரம் ஒருவராவது பின் நம்பர் கேட்கிறார்கள். புதிய க்ரூப்பில் பாதிப் பேர் சேரவில்லையாம், பழையதைத் திறந்துவிட்டால் வசதியாம். திறக்க மாட்டேன் அப்பா. திறந்தால் ஒரே காலையில் உங்கள் வரிமேல் நாற்பது ரோஜாப்பூ விழுந்து மூடிவிடும். உங்கள் எண் உயிரோடு இருக்கும்வரை அந்த க்ரூப்பில் கடைசிப் பேச்சு உங்களுடையதுதான். எப்போது திறந்தாலும் அவர்கள் அதைப் பார்க்கட்டும், கீழே தங்கள் விரலையும் பார்க்கட்டும். என் கட்டைவிரலை நான் இப்போது எடுத்துவிடலாம், ஒரு தொடுதல் போதும். எடுக்கவில்லை. எடுத்தால் அறுபத்து இரண்டு என்று காட்டும், அது பொய்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி ஒரெட்டு வந்துட்டுப் போங்க என்று யார் சொன்னாலும் போவேன். பேச்சுக்குச் சொன்னாலும் போவேன். அவர்கள் திகைத்துப்போய் வாசலில் நின்றாலும் பரவாயில்லை, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போகிறேன். வீடு பூட்டிக் கிடக்கும், தெரியும். சாவி என்னிடம் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டிருந்தீர்கள் இல்லையா?

ஒரெட்டு வந்திருக்க வேண்டிய,
உங்கள் அம்மணி