உன் காலண்டரில் இருபது நாள்

பொம்மிடி,
9-3-2025, ஞாயிறு.

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கத் தீர்த்தமலையானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அந்த வரி வரவில்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் எதற்காக ஜப்பானுக்குக் கடுதாசி போடுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று வாரமாக முயன்றேன், உன் முகம் வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான். மஞ்சளை வேக வைத்துக் களத்தில் காயப் போட்டாயிற்று. நாங்கள் சேலம் போகிற நாட்களில் பக்கத்துக் காட்டுப் பச்சியப்பன் வந்து பால் கறந்துவிடுகிறான். பாரு, இப்போதும் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன்.

சொல்லிவிடுகிறேன். உன் கணக்கில் முந்தாநாள் வெள்ளிக்கிழமையோடு அம்மாவின் நாக்குப் புற்றுக்கு முப்பத்தைந்து கதிர்வீச்சுக் கரண்டும் வைத்து முடிந்தது. இங்கே பதினைந்துதான் முடிந்திருக்கிறது. நீ காலண்டரில் அடித்துக்கொண்டு வந்த நாட்களில் இருபது நாள் அம்மாவுக்குக் கரண்டே வைக்கவில்லை. ஜனவரி இருபதாம் தேதி ஆரம்பித்துவிட்டார்கள் என்று நான் சொன்னது பொய். பிப்ரவரி பதினேழில்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு ஆஸ்பத்திரி காரணமில்லை, மெஷின் காரணமில்லை, உன் அப்பன்தான் காரணம்.

நடந்தது இதுதான். அம்மாவின் அடிநாக்கில் சதை எடுத்தபோது அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்காகப் பெங்களூரில் ஒரு லேபுக்கு அனுப்ப எங்களிடம் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன ஆராய்ச்சி என்று சசிகலா டாக்டரிடம் கேட்டேன். உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகச் சொன்னது. அந்தச் சதையிலிருந்து செல்லைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பார்களாம், அதற்குக் கரண்டு வைத்துப் பார்த்து எத்தனை செத்தது எத்தனை தப்பி மறுபடி வளர்ந்தது என்று எண்ணுவார்களாம், தப்பியது குறைவாக இருந்தால் அந்த ஆளுக்குக் கரண்டு நன்றாகக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்களாம். முடிவு வர ஐந்தாறு வாரம் ஆகும் என்றது. கூடவே, "அய்யா, இது ஆராய்ச்சிக்கு மட்டுந்தாங்க. இத வெச்சு வைத்தியத்த மாத்தமாட்டோம். நீங்க காத்திருக்காம பொங்கல் முடிஞ்சதும் வந்துடுங்க" என்றும் சொன்னது. சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதில் முதல் பாதிதான் காதில் ஏறியது. உனக்கே தெரியும், நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஐந்தாம் நாள் பிரித்து முளைப்பு எண்ணிப் பார்க்காமல் நான் காட்டில் ஒரு பிடி கடலைகூடப் போட்டவன் இல்லை. ஊரில் பாதிப் பேர் விதைக்கும் முன் சாக்கை என்னிடம்தான் கொண்டுவருவார்கள், அந்தக் கர்வமும் உண்டு. தட்டில் வளர்த்து எண்ணுகிறார்கள் என்றதும் இது நம்ம வேலைதானே என்று தோன்றிவிட்டது. விதைக்கே பார்க்கிறவன் பெண்டாட்டிக்குப் பார்க்காமல் விடுவதா, கேட்காத கரண்டை வைத்து அவள் வாயை எதற்கு வேக வைப்பது, முடிவு வரட்டும் என்று நானே தீர்மானம் செய்தேன். அம்மாவிடம் மெஷின் ரிப்பேர் என்றேன். இதை மணியிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவாள் என்று அவள் வாயையும் அடைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள், மஞ்சள் வெட்டு நடக்கிறது, வருகிறோம் என்றேன். நீ டிக்கெட் போடட்டுமா என்று கேட்டபோது இங்கே எல்லாம் வேளாவேளைக்கு நடக்கிறது என்றேனே, அன்றைக்கு அம்மா களத்தில் மஞ்சள் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி டாக்டரே கூப்பிட்டது. எதற்குக் கூப்பிடுகிறது என்றுகூடக் கேட்காமல் நான் லேப் முடிவு வந்ததா என்றேன். செல் வளரவில்லை என்றது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முளைக்கவில்லை என்றால் நோய் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம், கரண்டே வேண்டாமோ என்றுகூட நினைத்தேன். பொம்மிடிக் கடையில் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னது, "கரண்டு வெக்காத தட்டுலயும் வளரலைங்கய்யா. போற வழியிலயே செத்துப்போச்சு. பாதிப் பேருக்கு இப்படித்தான் ஆவுது. இதுல இருந்து நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது."

சாக்கு காய்ந்து போனால் நல்ல விதையும் முளைக்காது, அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு விதையைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அதனால் டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. புரியாத மண்டையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிசம்பரில் கொட்டைப்பாக்கு அளவு இருந்த கழுத்துக் கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. முன்பே வந்திருந்தால் நல்லது, இப்போதும் கைவிட வேண்டியதில்லை, ஆனால் உறுதி சொல்ல மாட்டேன் என்றது டாக்டர். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது தினமும் காலை ரயிலில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். முகத்துக்கு அச்செடுத்து வலை மாதிரி ஒரு கூடு செய்திருக்கிறார்கள், அதை முகத்தில் கவிழ்த்து மேஜையோடு மாட்டிவிடுவார்கள், அசைய முடியாது. கனமான கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். சின்னத் திரையில் அவள் கை மட்டும் எனக்குத் தெரியும். மூச்சு முட்டினால் கையைத் தூக்கு, நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவள் ஒரு நாளும் தூக்கவில்லை. அவளாவது பத்து நிமிஷத்தில் கூட்டை விட்டு எழுந்து வருகிறாள், எனக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியவில்லை மணி. உன்னிடம் சொன்ன பொய்யை விட்டு வெளியே வர, அவளிடம் சொன்னதையும் அல்லவா பிரிக்க வேண்டும் என்று பயந்து தினமும் ஒரு எண்ணைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டு, முப்பத்தைந்தும் ஆச்சாம்மா என்று அழுதுகொண்டே சிரித்தாய். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா போனை வாங்கி, புண் வாயோடு "ஆச்சு கண்ணு" என்றாள். போனை வைத்த பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. நேற்றுக் காலை கஞ்சியை ஆற்றிக் கொடுத்தபோதுதான் சொன்னாள். "மெஷினு ஒரு நாளுகூட நிக்கலைன்னு வரிசையில ஒக்காந்திருந்தவங்க மொத நாளே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தன். இந்த வாயில இன்னும் எத்தன பேச்சு மிச்சம் இருக்குதோ, அதுல இன்னொரு பொய்ய வெக்காதீங்க. புள்ளைக்கு எழுதிப்போடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை இதைவிடக் கடுமையாகப் பேசியதில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு, கன்றுக்குட்டிக்குக் கயிறு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்துங்க என்று கையால் காட்டினாள்.

ஆடி மாதம் வரை நீ வேலை பார்க்கும் அந்த முதியோர் இல்லத்தில் உனக்கு லீவு கிடையாது என்று தெரியும். கோபத்தில் வேலையை விட்டுவிடாதே என்றும் சொல்ல மாட்டேன், விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன், உனக்கு யோசனை சொல்லும் தகுதியை நான்தான் தொலைத்தேன். ஈரக் காலோடு குளிரில் நிற்காதே, அதை மட்டும் எந்த அப்பனும் சொல்லலாம். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். அப்போது இன்னும் பத்துக் கரண்டு மிச்சம் இருக்கும். என்னைத் திட்ட வேண்டுமானால் பகல் பதினோரு மணிக்குக் கூப்பிடு, அந்த நேரம் அம்மா உள்ளே இருப்பாள், நான் கதவுக்கு வெளியே தனியாகத்தான் நிற்பேன். நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். காலண்டரில் அடித்த இருபது நாளை அழித்துவிடு. இனிமேல் இன்றைக்கு எத்தனையாவது என்று அம்மாவிடமே கேள், பேச முடியாத நாளில் விரல் விட்டுக் காட்டுவாள். என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாதேஸ்வரன்